குச்சிக்கிழங்கின் 48 மணி நேரம்: சேலத்து ஜவ்வரிசியும் சிறு விவசாயியும்

மண்ணுக்குள் இருக்கும்வரை குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக்கு அவசரம் இல்லை. பத்தாம் மாதம் எடுக்க வேண்டிய கிழங்கைப் பதினொன்றாம் மாதம் எடுத்தாலும் பெரிய நட்டம் வந்துவிடாது. பிடுங்கிய நிமிடத்தில் கணக்கு மாறிவிடுகிறது. 24 மணி நேரத்துக்குள் காயம்பட்ட இடத்தை ஒட்டி நீலக் கோடுகள் தெரியத் தொடங்கும். 48 மணி நேரத்தில் அவை கிழங்கின் நடுவரை ஓடும். அடுத்த ஓரிரு நாளில் வாடை வந்துவிடும். பலர் இதைப் பூஞ்சை நோய் என்று நினைக்கிறார்கள். முதலில் நடப்பது கிழங்கு தன் காயத்துக்குத் தானே காட்டும் எதிர்வினை. உடைந்த திசுவுக்குள் காற்று புகுந்ததும் உள்ளே இருக்கும் சேர்மங்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து நிறம் மாறுகின்றன. கிருமிகள் அதற்குப் பிறகுதான் நுழைகின்றன.

அதே கிழங்கு ஜவ்வரிசியாகி ஈரம் 12 சதவீதத்துக்குள் வந்துவிட்டால், சாக்கில் கட்டி ஒரு வருடம்கூட வைத்திருக்கலாம். சேலம், நாமக்கல், தர்மபுரி, ஈரோடு, கள்ளக்குறிச்சிப் பக்கத்து மரவள்ளி விவசாயிகள் வருடந்தோறும் பேசுகிற விலைப் பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. கிழங்கை வைத்திருப்பவருக்கு இரண்டு நாள், மாவை வைத்திருப்பவருக்கு ஒரு வருடம். ஈரோட்டு மஞ்சள் விவசாயி விலை பிடிக்கவில்லை என்றால் கிடங்கில் மூட்டையைப் போட்டுவிட்டு, அதன் பேரில் கடன் வாங்கிக்கொண்டு காத்திருக்கலாம். ஏற்றி வந்த கிழங்கை ஆலை வாசலிலிருந்து யாரும் திருப்பிக் கொண்டுபோக முடியாது. ஆகவே மரவள்ளியில் விவசாயியின் பலம் எதுவாக இருந்தாலும், அது பிடுங்குவதற்கு முந்தைய நாட்களில்தான் இருக்கிறது. இந்தப் பயிரின் மற்ற சிக்கல்களையும் அந்த இடத்தில் நின்று பார்ப்பதே சரி என்று தோன்றுகிறது.

கேரளத்துக்கு மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. 1880களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் அதைப் பஞ்சகால உணவாகப் பரப்பினார். சேலத்தில் அது ஆலைப் பயிராகத்தான் வேர்விட்டது. ஜவ்வரிசி முன்பு மலாயாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது சேகோ என்னும் பனை வகை மரத்தின் தண்டிலிருந்து எடுத்த மாவு. இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்து நின்றது. 1943 வாக்கில் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், மலாயாவில் இத்தொழிலைப் பார்த்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். தொட்டிலாட்டிக் கையால் உருட்டிய அந்தத் தொழில்தான் இன்று நூற்றுக்கணக்கான ஆலைகளாக நிற்கிறது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பாயிண்ட் என்கிற எண்

ஆலை வாசலில் கிழங்குக்கு விலை எடையால் மட்டும் வருவதில்லை. எடையைப் பாயிண்டால் பெருக்க வேண்டும். பாயிண்ட் என்பது கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்பதற்கான குறியீடு. ஒரு பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று அன்றைய விலை சொல்லப்படும். எடுத்துக்காட்டுக்கு, டன்னுக்குப் பாயிண்ட் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிழங்கு 28 பாயிண்ட் நின்றால் டன் 8,400 ரூபாய். 26 நின்றால் 7,800. பத்து டன் ஏற்றிய லாரியில் இரண்டு பாயிண்ட் குறைந்தால் 6,000 ரூபாய் போய்விடுகிறது. ஒரு ஏக்கரில் அறுவடைக் கூலிக்கு ஆகும் செலவில் கணிசமான பங்கு அது.

அளக்கும் விதம் எளிமையானது. மாவுச்சத்து தண்ணீரைவிடக் கனமானது. மாவு அதிகமாக இருக்கும் கிழங்கு தண்ணீருக்குள் அதிக எடை காட்டும். குறிப்பிட்ட எடைக் கிழங்கை, வழக்கமாக 5 கிலோ, காற்றில் நிறுத்துவிட்டு அதே கிழங்கைக் கூடையோடு தண்ணீரில் முக்கி மறுபடி நிறுப்பார்கள். ஒப்படர்த்தி (தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்பது) 1.12 உள்ள கிழங்கு 5 கிலோ எடுத்தால் தண்ணீருக்குள் சுமார் 535 கிராம் காட்டும். 1.10 என்றால் சுமார் 455 கிராம். நல்ல கிழங்குக்கும் சுமாரான கிழங்குக்கும் நடுவே இருப்பது 80 கிராம்தான். இதில் 20, 30 கிராம் தவறினாலே ஏறத்தாழ ஒரு பாயிண்ட் மாறிவிடும்.

தவறுவதற்கு ஏமாற்று எண்ணம் தேவையே இல்லை. மண்ணோடு நிறுத்த கிழங்கு தண்ணீரில் மண்ணை உதிர்த்துவிடும். காற்றில் எடையாக இருந்த மண் தண்ணீரில் இல்லை, பாயிண்ட் இறங்கும். கிழங்கின் தோலிலும் கூடையின் கம்பியிலும் ஒட்டிய காற்றுக் குமிழ்கள் கிழங்கைத் தூக்கிப் பிடிக்கும், மறுபடி பாயிண்ட் இறங்கும். கூடை தொட்டியின் சுவரில் உரசினால் அளவு சரிவராது. வெறுங்கூடையின் எடையைத் தண்ணீருக்குள் வைத்துக் கழித்திருக்க வேண்டும், காற்றில் வைத்துக் கழித்தால் தப்பு. மாதிரி எடுப்பதிலும் இருக்கிறது. லாரியின் மேல்பக்கத்தில் வெயில் பட்ட கிழங்கும் அடியில் இருப்பதும் ஒன்றல்ல. ஒரே செடியில் பருமனான கிழங்கும் விரல் தடிமன் கிழங்கும் ஒரே பாயிண்ட் காட்டாது. மேலே சொன்ன பிழைகளில் மண்ணும் குமிழும் எப்போதும் விவசாயிக்கு எதிராகவே சாய்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். இதற்கு மேல் மண், காம்பு என்று எடையில் ஒரு கழிவும் பிடிப்பார்கள். மண்ணுக்காக இரண்டு இடத்தில் இழப்பது அநியாயம். அளக்கும் முன் மாதிரியைக் கழுவித் துடைத்து நிறுக்கச் சொல்லும் உரிமை ஒவ்வொரு விவசாயிக்கும் இருக்க வேண்டும்.

ஆலைக்குள் என்ன நடக்கிறது

கிழங்கு முதலில் கழுவும் உருளைக்குள் போகும், பிறகு தோலுரிப்பு. தோல் இரண்டு அடுக்கு. மேலே காகிதம் போன்ற பழுப்புத் தோல், அதன் கீழே கெட்டியான வெள்ளைப் பட்டை. அடுத்து அரவை. பற்கள் பதித்த தகடு சுற்றிய உருளை வேகமாகச் சுழல, தண்ணீரை ஊற்றிக்கொண்டே கிழங்கைத் தள்ளுவார்கள். அரைந்து வரும் கூழைச் சல்லடைகளில் ஓடவிட்டால் மாவுப்பால் கீழே இறங்கும், நார் மேலே நிற்கும். அந்த நார்தான் திப்பி.

அரவை நன்றாக இருந்தால்தான் செல்லுக்குள் அடைபட்ட மாவுத்துகள் வெளியே வரும். தகட்டின் பல் மழுங்கிவிட்டால் மாவு திப்பியோடு போய்விடும். உலர்ந்த திப்பியில் பாதிக்கு மேல் இன்னும் மாவுதான். மாட்டுத்தீவனமாக விற்கும்போது அதற்குக் கிடைப்பது சொற்ப விலை. ஒரு டன் கிழங்கில் நடைமுறையில் கைக்கு வருவது 200 முதல் 250 கிலோ மாவு. இந்த வேறுபாட்டில் ஒரு பங்கு கிழங்கின் தரம், ஒரு பங்கு ஆலையின் பராமரிப்பு. ஆனால் ஆலையில் நேரும் இழப்பும் சுற்றிவளைத்து அடுத்த வாரக் கிழங்கு விலையில் வந்து இறங்குகிறது.

மாவுப்பாலைத் தொட்டியில் தேக்கிப் பல மணி நேரம் விட்டால் மாவு அடியில் கல் போலப் படியும். மேல்தண்ணீரை வடித்துவிட்டு, மேற்பரப்பில் இருக்கும் அழுக்குப் படலத்தைச் சுரண்டிவிட்டு, ஈரமாவை வெட்டி எடுப்பார்கள். அதை உதிர்த்து, துணித் தொட்டிலில் போட்டு ஆட்டினால் மாவு உருண்டு மணியாகும். இப்போது தொட்டிலை மோட்டார் ஆட்டுகிறது. ஈரம் இங்கே முக்கியம். 40 சதவீதத்தை ஒட்டி இருந்தால் மணி பிடிக்கும். குறைந்தால் தூளாகவே நிற்கும், கூடினால் கட்டி கட்டும். மணிகளைச் சலித்து, தேங்காய் எண்ணெய் தடவிய சூடான தட்டில் வறுத்தால் மேல்மாவு வெந்து ஒரு கூடு உண்டாகும். உள்ளே பச்சை மாவாகவே இருக்கும். இது வறுத்த ஜவ்வரிசி. வறுப்பதற்குப் பதில் நீராவியில் வேகவைத்தால் கண்ணாடி போன்ற நைலான் ஜவ்வரிசி. இரண்டும் கடைசியில் சிமென்ட் களத்தில் வெயிலில் காய வேண்டும்.

அந்தக் களம்தான் ஆலையின் உண்மையான கொள்ளளவு. அரவை இயந்திரம் எத்தனை டன் அரைத்தாலும், களத்தில் காயும் அளவுக்குத்தான் அரைக்க முடியும். அறுவடை சூடுபிடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. நான்கு நாள் மேகமூட்டம் இருந்தால் ஆலை கிழங்கு வாங்குவதை நிறுத்திவிடும். ஏற்கெனவே பிடுங்கிய கிழங்கு லாரியில் நிற்கும். அப்போது சொல்லப்படும் விலை கிழங்கின் விலை இல்லை, அழுகலின் விலை.

வெள்ளை நிறத்துக்குக் கொடுக்கும் விலை

ஜவ்வரிசியை அதிகம் சாப்பிடுவது தமிழ்நாடு இல்லை. மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில் ஏகாதசி, நவராத்திரி, மகா சிவராத்திரி விரதங்களுக்குச் சாபுதானா கிச்சடி இல்லாமல் முடியாது. அங்குள்ள வியாபாரி முதலில் பார்ப்பது நிறம். பால் வெள்ளையாக இருந்தால் ஒரு விலை, சற்று மங்கலாக இருந்தால் இன்னொரு விலை.

இயல்பான வெள்ளை எதனால் கெடுகிறது என்பது தெரிந்த விஷயம். நீலம் பாய்ந்த பழைய கிழங்கு, சரியாக உரிக்காத தோல், இரும்புச்சத்து மிகுந்த கிணற்றுத் தண்ணீர், தொட்டியில் அதிக நேரம் நின்று புளித்த மாவு. பிடுங்கிய அன்றே முழுதாக உரித்து, நல்ல தண்ணீரில் அரைத்து, தாமதிக்காமல் எடுத்தால் மாவு தானாகவே வெள்ளையாக இருக்கும். இதைச் செய்ய முடியாத ஆலையோ, செய்ய விரும்பாத ஆலையோ சோடியம் ஹைப்போகுளோரைட், அமிலங்கள் என்று ரசாயனத்தைத் தேடுகிறது. உணவுப் பாதுகாப்புத் துறை இதற்காக ஆலைகளில் தொடர்ந்து சோதனை நடத்தி வருகிறது. ரசாயனம் போடுகிறவருக்குப் பழைய கிழங்கும் புதுக்கிழங்கும் ஒன்றாகிவிடுகிறது. புதுக்கிழங்கு கொண்டுவரும் விவசாயிக்குக் கிடைக்க வேண்டிய கூடுதல் விலை அங்கே காணாமல் போகிறது. வெளுப்பைத் தடுப்பது சாப்பிடுகிறவர் உடம்புக்காக மட்டும் பேச வேண்டிய விஷயமில்லை.

இரண்டாவது கேடு மக்காச்சோள மாவுக் கலப்படம். மரவள்ளி மாவைவிட மக்காச்சோள மாவு மலிவாக இருக்கும் காலத்தில் அதைக் கலந்து உருட்டிவிடுகிறார்கள். கலந்த ஒவ்வொரு மூட்டைக்கும் ஈடாக எங்கோ ஒரு வயலில் கிழங்கு வாங்கப்படாமல் நிற்கிறது. அயோடின் சொட்டுவிட்டால் இரண்டும் நீலமாகத்தான் மாறும், அதில் கண்டுபிடிக்க முடியாது. நுண்ணோக்கியில் வைத்தால் தெரிந்துவிடும். மரவள்ளித் துகள் உருண்டையாக, ஒரு பக்கம் வெட்டிவிட்டது போல் இருக்கும். மக்காச்சோளத் துகள் பல முனைகள் கொண்ட கல் மாதிரி இருக்கும். பள்ளிக்கூட நுண்ணோக்கி ஒன்றும் பழகிய கண்ணும் போதும் என்பதால், ஒவ்வொரு கொள்முதல் இடத்திலும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்குவதில் பெரிய செலவு எதுவும் இல்லை.

ஆலைக் கழிவுநீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாவை வடித்த தண்ணீர் புளித்து அமிலமாக இருக்கும். கரிமச் சுமையும், மரவள்ளிக்கே உரிய சயனைடு சேர்மங்களும் அதில் உண்டு. அப்படியே ஓடையில் விட்டால் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், கிணறுகள் நாறும். மூடிய குளத்தில் தேக்கிச் சாண எரிவாயு போல வாயு எடுத்து, அதில் மின்சாரம் தயாரிக்கும் ஆலைகள் இப்போது பல இருக்கின்றன. வாயு ஆலையின் மின்கட்டணத்தைக் குறைப்பதால், சுத்திகரிப்புக்குப் போட்ட பணம் திரும்பி வருகிறது. சிறிய ஆலைகளுக்கு அந்த முதலீடு எட்டாத தூரத்தில் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் புதிய ஆலை தொடங்கவும் முடியாது. விவசாயிகள் கூடித் தங்களுக்கென ஒரு ஆலை வைக்கலாமே என்று கேட்பவர்கள் இந்த இடத்தைத்தான் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கூட்டுறவு யாருடையது

சேலத்தில் சேகோசர்வ் என்று எல்லோரும் சொல்லும் கூட்டுறவுச் சங்கம் 1981இல் பதிவாகி 1982இல் இயங்கத் தொடங்கியது. ஆலைகள் தங்கள் ஜவ்வரிசியையும் மாவையும் அங்கே கொண்டுவந்து வைக்கும். மாதிரி பார்த்து வியாபாரிகள் மூடிய டெண்டர் போடுவார்கள், அதிக விலை கேட்டவருக்குச் சரக்கு போகும். கிடங்கில் வைத்த சரக்கின் பேரில் ஆலைக்காரருக்கு முன்பணமும் கிடைக்கும். அதற்கு முன்பு வியாபாரிகள் சொன்னதுதான் விலை என்றிருந்த நிலையை இது மாற்றியது என்பதில் சந்தேகம் இல்லை.

ஆனால் அதன் உறுப்பினர்கள் ஆலை உரிமையாளர்கள். விவசாயி அதில் உறுப்பினர் கிடையாது. டெண்டரில் மூட்டை விலை இறங்கினால், அந்த இறக்கம் சில நாட்களுக்குள் பாயிண்ட் விலையில் தெரியும். ஏறினால் அதே வேகத்தில் வந்து சேர்வதில்லை. கிடங்கு, முன்பணம், டெண்டர் ஆகிய மூன்று பாதுகாப்பும் மாவான பிறகுதான் தொடங்குகின்றன. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலிலும் மரவள்ளி இல்லை. விலை விழும்போது மாவட்ட ஆட்சியர் தலைமையில் விவசாயிகள், ஆலையினர், அதிகாரிகள் என்று முத்தரப்புக் கூட்டம் நடக்கும். அதில் பேசிய விலைக்குச் சட்ட பலம் இல்லை. டெண்டர் விலை தினமும் வெளிப்படையாகத் தெரிகிற ஊரில், அந்த விலையோடு பாயிண்ட் விலையை ஒரு சூத்திரத்தால் கட்டுவது முடியாத காரியம் இல்லை. நீலகிரியில் பசுந்தேயிலைக்கு, ஏலத்தில் தேயிலைத்தூள் போகும் விலையை வைத்து விவசாயிக்கு உரிய பங்கைக் கணக்கிடும் முறை இருக்கிறது. அது குறையில்லாமல் நடக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனாலும் எந்த எண்ணை வைத்துக் கேள்வி கேட்பது என்பதாவது அங்குள்ள விவசாயிக்குத் தெரிகிறது.

வயலில் தொடங்கும் நட்டம்

பாயிண்ட் ஆலையில் அளக்கப்பட்டாலும் அது உருவாவது வயலில். மரவள்ளிக்குச் சாம்பல்சத்துதான் உயிர். பாசன மரவள்ளிக்கு ஹெக்டேருக்கு 90 கிலோ தழைச்சத்து, 90 கிலோ மணிச்சத்து, 240 கிலோ சாம்பல்சத்து என்பது பரிந்துரை. ஏக்கர் கணக்கில் பார்த்தால் பொட்டாஷ் உரம் மட்டும் 160 கிலோ வரும். பாதியை நடவின்போதும் மீதியை 90ஆம் நாளிலும் இட வேண்டும். பொட்டாஷ் விலை ஏறியதும் அதைக் குறைத்துவிட்டு யூரியாவைக் கூட்டுவது பரவலான பழக்கம். செடி பச்சைப் பசேலென்று ஆள் உயரத்துக்கு நிற்கும். கிழங்கு நீரோட்டமாக இருக்கும், பாயிண்ட் நிற்காது. இலைக்குப் போன சத்து கிழங்குக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

எடை கூடட்டும் என்று அறுவடைக்கு முந்தைய வாரம் தண்ணீர் விடுவதும் அப்படித்தான். வறட்சியில் இலை உதிர்த்து நின்ற செடிக்குத் தண்ணீரோ மழையோ கிடைத்தால் துளிர் விடும். அந்தத் துளிருக்குச் செலவாவது கிழங்கில் சேமித்த மாவு. இரண்டு வாரத்தில் எடை கொஞ்சம் கூடி, பாயிண்ட் அதைவிட அதிகமாக இறங்கியிருக்கும். கோடைமழைக்குப் பின் எடுக்கும் கிழங்குக்கு ஆலைகள் முகம் சுளிப்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது கரணை, அதாவது நடுவதற்கு வெட்டும் குச்சித்துண்டு. மரவள்ளிக்கு விதை என்பது முந்தைய பயிரின் குச்சி. நோயும் அதோடு சேர்ந்து வருகிறது. தேமல் நோய் வைரஸால் வருவது, வெள்ளை ஈ பரப்புகிறது. ஆனாலும் ஊர்விட்டு ஊர் அதைக் கொண்டுபோவது மனிதர்கள்தான், லாரியில் ஏற்றிய குச்சிக்கட்டுகளாக. அதிக மாவுக்காக எல்லோரும் நட்ட எச் 226 போன்ற இரகங்கள் தேமலுக்கு எளிதில் இடம்கொடுப்பவை. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் தேமலைத் தாங்கும் ஸ்ரீ ரக்ஷா போன்ற இரகங்களை வெளியிட்டிருக்கிறது. அவை வயலுக்கு வந்து சேர ஏன் இத்தனை காலம் ஆகிறது என்றால், ஒரு செடியிலிருந்து வருடத்துக்குப் பத்துக் கரணை அளவுதான் கிடைக்கும். நெல் ஒரு மணியிலிருந்து நூற்றுக்கணக்கில் பெருகுகிறது. இரண்டு கணு கொண்ட சிறு துண்டுகளை நிழல்வலைக்குக் கீழே நாற்றாக வளர்த்து, தேமல் தெரிந்த நாற்றுகளைப் பிடுங்கிப்போட்டுவிட்டு, மூன்று நான்கு வாரத்தில் நட்டால் பெருக்கம் பல மடங்காகும். ஊருக்கு ஒரு குழு இந்த நாற்றங்காலை வைத்தாலே போதும்.

கரணை தேர்வில் கைப்பழக்கம் முக்கியம். எட்டு முதல் பத்து மாதம் ஆன, தேமல் இல்லாத செடியின் நடுத்தண்டை எடுக்க வேண்டும். நுனி பிஞ்சாக இருக்கும், சீக்கிரம் காய்ந்துவிடும். அடித்தண்டு மரத்துப்போயிருக்கும். 15 முதல் 20 செ.மீ. நீளம், எட்டுப் பத்துக் கணு. கணுவும் பட்டையும் நசுங்காத கூர்மையான வெட்டு. மூன்றடிக்கு மூன்றடி நட்டால் ஏக்கருக்கு 5,000 கரணை தேவை. இதில் 500 முளைக்காமல் போனால் ஒரு டன்னுக்கு மேல் கிழங்கு குறையும்.

மாவுப்பூச்சியின் கதையில் ஒரு நல்ல பகுதியும் உண்டு. 2008இல் கோவைப் பக்கம் தெரிய வந்த பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் சூறையாடியது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவி அதை அடக்கியது. 2020இல் கேரளத்தில் மரவள்ளிக்கே உரிய இன்னொரு மாவுப்பூச்சி வந்தது. நுனி முடிச்சாகச் சுருண்டு, கணுக்கள் நெருங்கிப்போகும். ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை அடக்கிய குளவியைப் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வயல்களில் விட்டார்கள். ஆப்பிரிக்காவில் அந்தப் பணியை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. இந்தக் குளவிகளை விட்ட வயல்களில் கண்டபடி பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது குளவிதான். பாதித்த வயலின் குச்சியை வெளியூருக்கு விற்பதையும் நிறுத்த வேண்டும்.

விவசாயி தானே செய்யக்கூடியது

ஜவ்வரிசி ஆலையின் சிறிய வடிவத்தைவிட, காய்ந்த சில்லு சிறு விவசாயிக்கு எட்டக்கூடியது. கழிவுநீர் இல்லை, தொட்டி இல்லை. கிழங்கைக் கழுவி 5 மி.மீ. கனத்துக்குச் சீவி, களத்தில் இரண்டு மூன்று நாள் காயவைத்தால் சில்லு. கையில் எடுத்து முறித்தால் சட்டென்று உடைய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, மூட்டைக்குள் பூசணம் வரும். ஒரு டன் கிழங்கில் 350 முதல் 400 கிலோ சில்லு நிற்கும். வெயிலில் மெல்லக் காய்வதால் சயனைடும் பெரும்பகுதி வெளியேறிவிடும். நாமக்கல் கோழிப்பண்ணைகள் பக்கத்திலேயே இருக்கின்றன.

சில்லுக்கும் உச்சவரம்பு உண்டு, அதை மறைக்கக் கூடாது. கோழித்தீவனத்தில் அது மக்காச்சோளத்தோடு போட்டியிடுகிறது. மக்காச்சோளத்தில் புரதம் எட்டு ஒன்பது சதவீதம், மரவள்ளியில் இரண்டு மூன்றுதான். மக்காச்சோளம் மஞ்சள்கருவுக்கு நிறம் கொடுக்கும், மரவள்ளி கொடுக்காது. ஆகவே பண்ணைக்காரர் குறைத்துத்தான் கேட்பார். மக்காச்சோளம் கிலோ 24 ரூபாய், சில்லு அதில் முக்கால் பங்காக 18 ரூபாய் என்று வைத்தால், 380 கிலோவுக்கு 6,840 ரூபாய். சீவல், காயவைத்தல், மூட்டை ஆகியவற்றுக்கு 1,500 போனால் டன் கிழங்குக்கு 5,340. ஆலை 7,000 கொடுக்கும் வருடத்தில் சில்லு போடுவது வீண் வேலை. ஆலை 4,500 என்று சொல்லும் வருடத்தில் சில்லு அந்த விலைக்கு ஒரு தரையைக் கட்டுகிறது. பத்து விவசாயிகள் சேர்ந்து சீவும் இயந்திரமும் ஒரு களமும் வைத்திருந்தால், அதை ஓட்டாத வருடத்திலும் பேரத்தில் அதற்கு எடை இருக்கும். நடுப் பருவமழையில் இது நடக்காது. தை, மாசியில் எடுக்கும் கிழங்குக்குத்தான் பொருந்தும். ஆகவே நடவைத் தள்ளித் தள்ளிப் போட்டு, முழு நிலமும் ஒரே மாதத்தில் அறுவடைக்கு வராமல் பார்த்துக்கொள்வதும் இதோடு சேர்ந்தது.

பிடுங்கும் நாளை நெருங்கும்போது இரண்டு காரியம் பலன் தரும். அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு செடியின் தலையை வெட்டிவிட்டால் கிழங்கில் நீலம் பாய்வது தாமதமாகும். மாவு சற்றுக் குறையும் என்பதால், ஆலை தூரமாக இருப்பவர்களுக்கும் சிப்ஸ் கடைக்குக் கொடுப்பவர்களுக்கும் மட்டுமே இது ஏற்றது. எடுக்கும்போது கிழங்கின் கழுத்தில் இரண்டு விரல் அளவு காம்பை விட்டு வெட்டினாலும் கெடுவது தள்ளிப்போகும்.

மற்றொன்று, பாயிண்டை வயலிலேயே அளப்பது. கழுத்துவரை தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் டிரம், 5 கிராம் வித்தியாசத்தையும் காட்டும் தொங்கு தராசு, ஒரு நைலான் வலைப்பை. வயலின் மூன்று இடங்களில் ஒவ்வொரு செடி பிடுங்கி, பெரிதும் சிறிதுமாகக் கலந்து, கழுவி, துணியால் துடைத்துச் சரியாக 5 கிலோ எடுக்க வேண்டும். வெறும் பையைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டுத் தராசைப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, கிழங்கோடு முக்கி, குமிழ் போகக் குலுக்கி, டிரம்மின் சுவரில் படாமல் பிடித்து எண்ணைக் குறிக்க வேண்டும். எட்டரை மாதத்தில் ஒருமுறை, பிறகு 15 நாளுக்கு ஒருமுறை. கிராம் ஏறுவது நின்றுவிட்டால் கிழங்கு தயார். தண்ணீர் விட்ட பிறகோ மழைக்குப் பிறகோ இறங்கியிருந்தால் மண் காயும்வரை சில வாரம் காத்திருந்து மறுபடி நிறுத்துப் பார்க்கலாம். இந்த எண்களைத் தேதியோடு எழுதி வைத்திருப்பவர், புரோக்கர் வயலுக்கு வரும்போதே தன் பாயிண்டைச் சொல்லிவிட்டு விலை பேசலாம். கிழங்கு அப்போதும் மண்ணுக்குள்தான் இருக்கும்.